வலது பின்சக்கரம்

ஏரலில் மதாரின் பட்டறைக்கு வரும் ஆட்டோக்கள் எப்படியாவது உருண்டு வந்து சேர்ந்துவிடும். இஞ்சின் செத்த வண்டியைக்கூட, பின்னால் வரும் இன்னொரு ஆட்டோக்காரர் காலை நீட்டி மிதித்துத் தள்ளிக்கொண்டே வந்து வாசலில் விட்டுவிடுவார். ஞானசௌந்தரியின் ஆட்டோ அப்படி வரவில்லை. மே மாதத்து வெயிலில் 'குட்டியானை' என்கிற சின்ன லாரியின் முதுகில் ஏறி வந்தது. நாலு பேர் பிடித்து இறக்கினார்கள். முன்சக்கரம் உருண்டது. இடது பின்சக்கரம் முனகிக்கொண்டே உருண்டது. வலது பின்சக்கரம் மட்டும் அசையாமல் தரையைத் தேய்த்துக்கொண்டு வந்தது. பட்டறையின் சிமெண்டுத் தளத்தில் நீளமாகக் கறுப்புக் கோடு விழுந்தது.

"வெள்ளத்துல கெடந்த வண்டியா?" என்று கேட்டார் மதார். கேட்கவே வேண்டியதில்லை. வண்டியின் அடிப்பக்கம் முழுக்க ஆற்று வண்டல் காய்ந்து, பூசி வைத்த மாதிரி இறுகியிருந்தது.

"ஆமா அண்ணாச்சி. கெழக்க வாழத்தோட்டத்துல புதைஞ்சு கெடந்துச்சு. டிராக்டர் வச்சு இழுத்து, எங்க வீட்டுக்குப் பின்னால போட்டு ஒண்ணரை வருசமாச்சு. இப்பம் ஓட வைக்கணும்."

"ஓட்டப் போறது யாரு?"

"நாந்தான். லைசென்ஸ் எடுத்துட்டேன்."

அவளுக்கு நாற்பது வயதிருக்கும். முக்காணியில் பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் வேலை என்றாள். மதார் அடுத்து எதைக் கேட்பார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதனால் அவளே சொல்லிவிட்டாள்.

"வண்டி எங்க வீட்டுக்காரவுகளோடது. ஜெய்சன்னு பேரு. அந்த ஞாயித்துக்கெழம ராத்திரி ஆளுங்கள எறக்கிவிட ஏரலுக்கு வந்தவுக திரும்பலை. வண்டி கெடச்சுது. அவுக கெடைக்கலை."

மதார் தலையை மட்டும் ஆட்டினார். டிசம்பர் வெள்ளத்தைப் பற்றி இந்தப் பக்கத்தில் யாரும் யாரிடமும் விவரம் கேட்பதில்லை. அவரவருக்கு அவரவர் கதை இருந்தது. மதாரின் பட்டறையே அன்று கூரை வரை மூழ்கியது. வெள்ளம் வடிந்த பிறகு ஆறேழு மாதம் அவருக்கு இந்த வேலைதான். சேறு குடித்த இஞ்சின்கள், துருப்பிடித்து இறுகிப்போன சக்கரங்கள், எல்லாவற்றையும் கழற்றிக் கழுவி ஓட வைத்திருந்தார். முப்பது வருஷத் தொழில். இந்த வண்டியைப் பார்த்தும் அவர் மலைக்கவில்லை.

"மூணு நாள் பொறுத்து வாங்கம்மா" என்றார்.

மறுநாள் காலையில் வண்டியை ஜாக்கியில் தூக்கி, பின்சக்கரங்கள் இரண்டையும் எடுத்தார். சக்கரத்தைக் கழற்றினால் உள்ளே கவிழ்த்து வைத்த சட்டி மாதிரி பிரேக் டிரம் இருக்கும். அதை உருவினால்தான் பிரேக்கையும் ஆக்சிலையும் பார்க்க முடியும். இடது பக்கத்து டிரம் நாலு தட்டுத் தட்டியதும் வந்துவிட்டது. வலது பக்கத்துக்கு வந்தார். நடு நட்டு அசையவில்லை. ஸ்பேனரில் நாலடி நீளக் குழாயைச் செருகி அதன் மேல் ஏறி நின்று மிதித்த பிறகு, கடக்கென்று விட்டது. ஆனால் டிரம் வரவில்லை. இழுத்து உருவுகிற மூன்று கால் புல்லரை டிரம்மின் விளிம்பில் மாட்டி, அதன் நடுப் போல்ட்டை முறுக்கினார். புல்லரின் ஒரு கால்தான் வளைந்தது.

இடுக்குகளில் டீசலை ஊற்றி ஊற வைத்துவிட்டு எழுந்தபோதுதான் கவனித்தார். டிரம்மின் அடிவிளிம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் திரண்டு நின்றது. அது தரையில் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு சொட்டு திரண்டது.

டீசலாக இருக்கும் என்று விரலால் தொட்டுப் பார்த்தார். டீசல் இல்லை. தண்ணீர். அந்த வெயிலிலும் சில்லென்று இருந்தது.

ஒன்றரை வருஷம் வெட்டவெளியில் கிடந்த வண்டி. இரண்டு கோடை அதன் மேல் காய்ந்திருக்கிறது. உள்ளே எங்கேயாவது சேறு அடைத்து, அதற்குப் பின்னால் தண்ணீர் தேங்கியிருக்கும் என்று மதார் தனக்கே சொல்லிக்கொண்டார். பழைய பெயிண்ட் டப்பாவின் மூடியை எடுத்து அடியில் வைத்துவிட்டு வேறு வண்டியைப் பார்க்கப் போய்விட்டார்.

அடுத்த நாள் காலையில் பட்டறையைத் திறந்தபோது மூடி நிரம்பி வழிந்திருந்தது. தண்ணீர் கலங்கல் நிறம். ஆற்றின் வாடை அடித்தது. சாதாரண நாளில் ஆற்றங்கரையில் அடிக்கிற வாடை இல்லை. அழுகிய வாழைமட்டையும் சாக்கடையும் செத்த ஆடும் கலந்து, வெள்ளம் வடிந்த வாரம் ஊர் முழுக்க அடித்ததே, அந்த வாடை. மதார் மூடியைக் குனிந்து எடுக்கப் போனார். தண்ணீருக்குள் ஏதோ வெடுக்கென்று துள்ளியது.

விரல்நகம் அளவுக்கு ஒரு கெண்டைக் குஞ்சு. உயிரோடு இருந்தது. மூடியின் விளிம்பைச் சுற்றிச் சுற்றி வந்தது.

பக்கத்துக் கடையில் கேஸ் வெல்டிங் வைத்திருக்கும் ஐயம்பெருமாளைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு பேரும் ஒரே வயதுக்காரர்கள். இருபது வருஷமாக அடுத்தடுத்த கடை. ஐயம்பெருமாள் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார்.

"காக்கா எதாவது கொண்டாந்து போட்டிருக்கும் வே."

"ஷட்டரு பூட்டியிருந்துச்சு வே."

"அப்பம் எலி."

எலி உயிரோடு மீனைக் கொண்டுவந்து தண்ணீருக்குள் விடுமா என்று மதார் கேட்கவில்லை. ஐயம்பெருமாள் எழுந்தார். மூடியை எடுத்துப் போய்ச் சாக்கடையில் கொட்டிவிட்டு வந்து, "கேசைக் கொண்டாரேன், சூடு காட்டுவோம். எந்தத் துருவும் தீக்கு விட்டுத்தான் ஆகணும்" என்றார்.

கேஸ் கொழுந்தை டிரம்மின் மையத்தைச் சுற்றி வட்டமாகப் பிடித்தார். ஐந்து நிமிஷத்தில் இரும்பு நீலம் பாயும், பிறகு சிவக்கும். அவர் கால்மணி நேரம் பிடித்தார். டிரம் கறுப்பாகவே இருந்தது. அதன் மேல் ஆவி மட்டும் மெல்லிசாக எழுந்துகொண்டிருந்தது. ஐயம்பெருமாள் தீயை அணைத்துவிட்டு, என்ன நினைத்தாரோ, பைய விரல்நுனியால் டிரம்மைத் தொட்டார். பிறகு உள்ளங்கையை முழுசாக அதன் மேல் வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. மதாரைத் திரும்பிப் பார்த்தார்.

"தொட்டுப் பாரும்."

மதார் தொட்டார். கிணற்றுக்குள் கிடந்த கல்லைத் தொட்ட மாதிரி இருந்தது.

ஐயம்பெருமாள் குழாயைச் சுருட்டினார். "நான் ஒண்ணு சொல்லுதேன், கோவிக்காதேரும். இந்த வண்டிய அந்தப் பொம்பளகிட்டயே திருப்பி விட்டுரும். இதுல என்னமோ இருக்கு. நானு இதுமேல இனி தீ வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, சிலிண்டரை உருட்டிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுதுவிட்டு மதார் நேராகப் பட்டறைக்கு வந்தார். மணி ஒன்றே முக்கால் இருக்கும். தெருவில் ஆள் நடமாட்டமில்லை. ஐயம்பெருமாள் கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். வெயில் வெள்ளை வெளேரென்று அடித்தது. காற்று துளியும் இல்லை. எதிர்த்த வீட்டு முருங்கை இலைகூட ஆடவில்லை.

புது புல்லர் ஒன்றை ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வாங்கி வைத்திருந்தார். அதை மாட்டி, இனி முறுக்க முடியாது என்கிற அளவுக்கு முறுக்கினார். முறுக்கத்தில் இரும்பு நிற்கும்போது போல்ட்டின் தலையில் ஓங்கி ஒரு அடி கொடுத்தால் டிரம் தெறித்து வரும். அதுதான் முறை. "பிஸ்மில்லா" என்று சொல்லிச் சம்மட்டியால் ஒரே அடி அடித்தார். டிரம் அசையவில்லை. அடித்த சத்தம் பட்டறைத் தகரத்தில் மோதி அடங்கியது.

அடங்கிய பிறகு டிரம்முக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

டங். டங். டங்.

மூன்று. பிறகு நின்றது. பத்து எண்ணுகிற நேரம் கழித்து மறுபடியும் மூன்று.

மதாரின் கையில் சம்மட்டி இருந்தது. அவர் அதை அசைக்கவில்லை. இடது கையை நீட்டி டிரம்மின் மேல் வைத்தார். மூன்றாவது முறை வந்தபோது சத்தத்தைக் காதால் கேட்டது மட்டுமில்லை, உள்ளங்கையில் வாங்கினார். இரும்பு அதிர்ந்தது. உள்ளேயிருந்து யாரோ, அவசரப்படாமல், ஓய்ந்துபோன கையால், விடாமல் தட்டுகிற தட்டு.

அவர் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். பயத்தால் மட்டுமல்ல. இந்தத் தட்டு அவருக்குத் தெரியும். இதை அவர் முன்னாலேயே கேட்டிருக்கிறார்.

வெள்ளம் ஊருக்குள் நின்ற அந்தத் திங்கட்கிழமை, மதாரும் அவர் மனைவி ஆபிதா பீவியும் பக்கத்து மாடிவீட்டு மொட்டைமாடியில் இருபது முப்பது பேரோடு நின்றார்கள். கீழே தெரு இல்லை, ஆறுதான் ஓடிக்கொண்டிருந்தது. மழை விடவேயில்லை. நாலு திசையும் ஒரே இரைச்சல். காலை எட்டு மணி வாக்கில், அந்த இரைச்சலுக்குள்ளே, கிழக்கே வாழைத்தோட்டங்களின் பக்கமிருந்து, டங் டங் டங் என்று மதாருக்குக் கேட்டது.

"யாரோ தட்டுதாங்க" என்று அவர் சொன்னார்.

"அது மாட்டுக்கொட்டாய்த் தகரம் பாய், தண்ணியில ஆடுது" என்று யாரோ சொன்னார்கள். எல்லாரும் அதை ஒப்புக்கொண்டார்கள். மதாரும் ஒப்புக்கொண்ட மாதிரி இருந்துவிட்டார். ஆனால் பிறந்ததிலிருந்து சுத்தியலோடு வாழ்கிறவர் அவர். தகரம் ஆடுகிற சத்தம் எது, இரும்பை இரும்பால் மனுஷக் கை அடிக்கிற சத்தம் எது என்று அவருக்குத் தெரியாதா? தகரம் மூன்று எண்ணி நிறுத்துமா? அந்த மாடியில் இரண்டு வாலிபப் பையன்கள் இருந்தார்கள், நீச்சல் தெரிந்தவர்கள். மதாரின் பட்டறையிலிருந்து மிதந்து வந்த இரண்டு லாரி ட்யூப்களைப் பிடித்துக் காற்றோடு கட்டி வைத்திருந்தார்கள். போய்ப் பாருங்கள் என்று மதார் அழுத்தி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போயிருப்பார்கள். போனவர்கள் திரும்பாமல் போனால் அந்தத் தாய்மாருக்கு யார் பதில் சொல்வது என்று அவர் பயந்தார். சொல்லவில்லை. பகல் முழுக்க அந்தத் தட்டு கேட்டது. சாயங்காலம் நின்றுவிட்டது.

இதை அவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஆபிதாவிடமும் சொன்னதில்லை.

அன்று பட்டறையைப் பூட்டியவர் நாலு நாள் திறக்கவில்லை. காய்ச்சல் என்றார். ஆபிதா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், சூடு இல்லை.

"என்னன்னு சொல்லுங்களேன். வெள்ளத்தப்பமும் இப்படித்தான் ஒரு வாரம் காதைப் பொத்திக்கிட்டே படுத்துக் கெடந்தீங்க" என்றாள்.

மதார் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வீட்டுக்குள் சத்தம் எதுவும் வரவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவை பாத்திரம் தரையில் வைக்கப்படும்போதும் அவர் அடுத்த இரண்டு சத்தத்துக்காகக் காத்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை ஞானசௌந்தரி வீட்டுக்கே வந்துவிட்டாள். சொன்ன நாள் தாண்டிவிட்டது, பட்டறை பூட்டிக் கிடக்கிறது, என்ன செய்வாள்? மதார் அவளைக் கூட்டிக்கொண்டு போய் ஷட்டரைத் தூக்கினார். வாடை குப்பென்று வந்து இருவர் முகத்திலும் அடித்தது. அடியில் வைத்த மூடி நிறைந்து, தண்ணீர் தளம் முழுக்கப் பரவி, கறுப்புக் கோட்டின் வழியாக வாசல் வரை வந்திருந்தது.

"இது ஆகாதும்மா. ரொம்ப இறுகிப்போச்சு. பழைய இரும்புக்குப் போட்டுட்டு வேற வண்டி பாருங்க" என்றார் மதார். அவள் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

அவள் குனிந்து தரையிலிருந்த தண்ணீரைத் தொட்டாள். முகர்ந்து பார்த்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்த ஈரத்திலேயே உட்கார்ந்தாள்.

"எங்க இறுகியிருக்கு?"

"டிரம்முல."

"டிரம்முல மட்டுமா? உள்பக்கம் பாத்தீங்களா?"

மதார் பார்க்கவில்லை. வழக்கமாக முதல் நாளே வண்டியின் அடியில் படுத்துச் சேற்றையெல்லாம் கழுவிவிடுபவர், இந்த வண்டிக்கு இடது பக்கம் மட்டும்தான் கழுவியிருந்தார். வலது பக்கம் குனிந்து போக அவருக்கு ஏனோ முதலிலிருந்தே மனசு வரவில்லை. ஞானசௌந்தரி கருவிப் பெட்டியிலிருந்து ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வண்டியின் அடியில் நுழைந்தாள். சக்கரத்துக்கும் கியர்பெட்டிக்கும் நடுவில் ஓடுகிற ஆக்சில் தண்டின் மேல் தேங்காய் அளவுக்கு வண்டல் உருண்டை இறுகியிருந்தது. அதைக் குத்திக் குத்திப் பெயர்த்தாள். மண் கட்டிகட்டியாக விழுந்தது.

திடீரென்று குத்துகிற சத்தம் நின்றது.

"அண்ணாச்சி, லைட்டக் கொண்டாங்க."

மதார் விளக்கை எடுத்துக்கொண்டு அடியில் படுத்தார். மண்ணுக்குள்ளே நீல நிறம் தெரிந்தது. நைலான் கயிறு. விரல் தடிமன். ஆக்சில் தண்டைச் சுற்றிச் சுற்றி, ஒன்றின் மேல் ஒன்றாக, இரும்போடு இரும்பாக இறுகிக் கிடந்தது. அதன் ஒரு முனை சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையில் முடிச்சாகக் கட்டியிருந்தது. மற்ற முனை பிய்ந்து, தேங்காய் நார் மாதிரி சிலும்பியிருந்தது.

ஞானசௌந்தரி முடிச்சைத் தொடாமல் விரலை அதன் அருகில் வைத்துக்கொண்டே பார்த்தாள்.

"இது ஆத்துல வந்து சுத்துன கயிறு இல்ல" என்றாள். "இது கட்டுனது. எங்க மாமனாரு புன்னக்காயல்ல மீன்புடிக்கிற வள்ளத்த இப்படித்தான் கட்டுவாக. இழுக்க இழுக்க இறுகும், ஒரு நாளும் அவுறாது. எங்க வீட்டுக்காரவுகளுக்கும் இந்த ஒரு கட்டுதான் தெரியும். துணி காயப்போடுத கொடிகூட இப்படித்தான் கட்டுவாக."

இரண்டு பேரும் அந்தக் குறுகலான இடத்தில் மல்லாந்து கிடந்தார்கள். அதற்கு மேல் விளக்க எதுவும் இல்லை. ஞாயிறு இரவே தண்ணீர் அடித்துக்கொண்டு போன மனிதன் வண்டியைக் கட்டியிருக்க முடியாது. ஜெய்சன் தண்ணீர் ஏறும்போது வண்டியை நிறுத்தி, இறங்கி, பின்பக்கத்தை ஏதோ மரத்தில் கட்டிவிட்டு அதன் மேல் ஏறி நின்றிருக்கிறான். கயிறு தாங்கியிருக்கிறது. எவ்வளவு நேரமோ தாங்கியிருக்கிறது. பிறகு பிய்ந்து, வண்டி உருண்டு, சக்கரத்தோடு சுற்றிக்கொண்டது.

"அறுங்க அண்ணாச்சி" என்றாள் அவள். "முடிச்ச மட்டும் விட்டுருங்க."

மதார் ரம்பப் பிளேடை எடுத்தார். சுற்றுச் சுற்றாக அறுத்தார். முக்கால் மணி நேரம் ஆனது. அவள் ஒவ்வொரு துண்டையும் வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். கடைசிச் சுற்று விட்டதும் ஆக்சில் தண்டு ஒரு மயிரிழை அசைந்தது. அசைய ஆரம்பித்துவிட்டால் துரு தோற்றது என்று அர்த்தம். மதார் வெளியே வந்து டிரம்மை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினார். கரகரவென்று துரு உதிர்ந்தது. புல்லரை மாட்டி மூன்று முறுக்கு முறுக்கினார். சம்மட்டி தேவைப்படவில்லை. டிரம் தானாகக் கைக்கு வந்தது.

உள்ளே தண்ணீர் இல்லை.

ஒரு சொட்டுகூட இல்லை. சேறு இல்லை. பிரேக் கட்டைகள் இரண்டும் வறண்டு வெடித்திருந்தன. செந்தூரம் மாதிரி காய்ந்த துருப்பொடி மதாரின் முழங்கையில் கொட்டியது. ஊதினால் பறந்தது. பல மாதமாக ஈரம் எட்டிப் பார்க்காத இடம் அது. மதார் குனிந்து தளத்தைப் பார்த்தார். அவள் உட்கார்ந்திருந்த இடம், மூடி, வாசல் வரைக்கும் எல்லாம் நனைந்து மினுமினுத்தது. அவள் சேலையின் பின்பக்கத்திலிருந்து கலங்கல் தண்ணீர் சொட்டியது.

"இது எங்கேருந்து வந்துச்சு?" என்று அவள் கேட்டாள்.

மதார் டிரம்மைத் தரையில் வைத்தார். இத்தனை நாள் யாரிடமும் சொல்லாதது இப்போது வெளியே வந்துவிட்டது.

"நான் கேட்டேன்மா" என்றார்.

"எதக் கேட்டீங்க?"

"அவரு தட்டுனத. திங்கக்கெழம. மாடியில நின்னுக்கிட்டு இருந்தோம். கெழக்கேருந்து சத்தம் வந்துச்சு. தகரம்னு சொன்னாங்க. தகரம் இல்லன்னு எனக்குத் தெரியும். வண்டியத்தான் எதையோ வச்சுத் தட்டிக்கிட்டு இருந்திருக்காரு. போயிப் பாக்கச் சொல்லி ஆள அனுப்பியிருக்கலாம். அனுப்பலை. வாயத் தொறக்கலை."

ஞானசௌந்தரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்தாள். கழற்றிய டிரம் தரையில் கவிழ்ந்து கிடந்தது. பக்கத்திலிருந்த சுத்தியலை எடுத்து அதன் மேல் அடித்தாள். டங். டங். டங்.

"இப்படியா?"

மதார் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

மறுபடியும் அடித்தாள். இந்தத் தடவை பட்டறையே அதிர்ந்தது. "சொல்லுங்க. இப்படியா கேட்டுச்சு?"

"மெள்ளமா" என்றார் மதார். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. "இதவிட மெள்ளமா. விட்டு விட்டு."

அவள் மெதுவாக அடித்தாள். மூன்று. நிறுத்தினாள். மூன்று. மதார் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அந்தத் தண்ணீரில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். பக்கத்துக் கடையிலிருந்து ஐயம்பெருமாள் இறங்கி வந்து வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

சுத்தியல் தரையில் விழுந்தது.

"எத்தன மணிக்கு நின்னுச்சு?"

மதார் கையை எடுத்தார். அவள் கேட்டது சரியாகக் காதில் விழவில்லையோ என்று பார்த்தார்.

"சத்தம் எத்தன மணிக்கு நின்னுச்சு அண்ணாச்சி? யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்க வேண்டியதே இல்லை. அது அவருக்கு மறந்ததே இல்லை. "அன்னிக்குப் பள்ளிவாசல்ல பாங்கு சொல்லலை. தண்ணிக்குள்ள இருந்துச்சு. நாங்களா சாயங்கால அஸர் நேரம்னு பாத்து மாடியிலயே தொழுதோம். தொழுது முடிச்சப்பமும் கேட்டுச்சு. பொறவு கொஞ்ச நேரத்துல நின்னுட்டு. நாலரை இருக்கும்."

"திங்கக்கெழம சாயங்காலம் நாலரை" என்று அவள் திருப்பிச் சொன்னாள். "பதினெட்டாம் தேதி." கணக்கைச் சரிபார்க்கிற மாதிரி இன்னொரு தடவை சொன்னாள். "மாதாகோயில்ல பூசை வைக்கச் சாமியாரு எறந்த தேதி கேக்கும்போதெல்லாம் தெரியலன்னு சொல்லிருவேன். பதினேழுன்னு சொன்னா, அவுக உசிரோட இருக்கும்போதே நான் செத்துட்டாகன்னு சொன்ன மாதிரி ஆயிருமோன்னு பயம். அதனால ஒரு பூசைகூட வைக்கலை. சோறு இறங்கும்போதெல்லாம் தோணும், இப்பம் எங்கயாவது நிக்காகளோன்னு."

மடியிலிருந்த கயிற்றுத் துண்டுகளை முந்தானையில் முடிந்துகொண்டாள். முடிச்சு இருந்த துண்டைத் தனியாகக் கையில் வைத்துக்கொண்டாள். வாசலுக்குப் போனவள் திரும்பாமலேயே சொன்னாள்:

"வண்டிய நல்லாச் செஞ்சு வைங்க."

அவள் போன பிறகு ஐயம்பெருமாள் துடைப்பத்தை எடுத்துவந்து தண்ணீரைத் தள்ளிவிட்டார். தளம் ஒரு மணி நேரத்தில் காய்ந்தது. மறுநாள் வேறு மூடி வைத்துப் பார்த்தார்கள். ஒரு சொட்டும் விழவில்லை. அதற்குப் பிறகும் விழவில்லை.

மதார் அந்த வண்டிக்குப் பேரிங், பிரேக் கட்டை, ஆக்சில் எல்லாம் புதுசு போட்டார். வண்டியை எடுத்துப் போக அவள் வரவில்லை. உறவுக்காரர் ஒருவரை அனுப்பிவைத்தாள். ஜூன் மாதம் இரண்டாவது வாரம் முக்காணிக் கோயிலில் ஜெய்சனுக்குப் பூசை நடந்தது. யாரும் மதாரைக் கூப்பிடவில்லை. அவர் பஸ் ஏறிப் போய், கோயிலுக்கு எதிர்த்த டீக்கடையில் பூசை முடிகிற வரைக்கும் நின்றுவிட்டு வந்தார். அன்று ராத்திரி ஆபிதாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அந்தப் பையம்மாரு ரெண்டு பேரும் நல்லா இருக்கானுவ. அதையும் நெனச்சுக்கிடுங்க" என்றாள். அது அவருக்கு ஆறுதலாகவும் இருந்தது, இல்லாமலும் இருந்தது.

அதற்குப் பிறகு ஞானசௌந்தரி முக்காணி–ஏரல் தடத்தில் ஆட்டோ ஓட்ட ஆரம்பித்தாள். பள்ளிப் பிள்ளைகளைக் காலையிலும் மாலையிலும் ஏற்றிப் போவாள். பட்டறை வழியாகப் போகும்போது திரும்பிப் பார்ப்பதில்லை. ஆயில் மாற்றுவதற்குக்கூட ஸ்ரீவைகுண்டம் போகிறாள் என்று ஐயம்பெருமாள் சொன்னார். அது நியாயம்தான் என்று மதார் நினைத்தார்.

அக்டோபரில் ஒரு நாள் மதியம், திருச்செந்தூர் ஆஸ்பத்திரியில் ஆபிதாவுக்குக் கண்ணைக் காட்டிவிட்டு இருவரும் முக்காணி விலக்கில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். பஸ் வரவில்லை. தூறல் விழ ஆரம்பித்தது. ஆபிதாவின் ஒரு கண்ணில் கட்டுப் போட்டிருந்தது. அப்போது ஒரு ஆட்டோ அவர்களைத் தாண்டிப் போய், கொஞ்ச தூரத்தில் நின்று, பின்னோக்கி வந்தது.

ஞானசௌந்தரி வெளியே எட்டிப் பார்த்தாள். மதாரைப் பார்க்கவில்லை, ஆபிதாவைப் பார்த்தாள்.

"ஏறுங்கக்கா. மழையில நிக்காதீங்க."

ஆபிதா ஏறிவிட்டாள். மதார் ரோட்டிலேயே நின்றார். ஞானசௌந்தரி இஞ்சினை அணைக்கவில்லை, கிளப்பவும் இல்லை. காத்திருந்தாள். அவர் ஏறி ஓரமாக உட்கார்ந்தார்.

வழி நெடுக ஆபிதாதான் பேசினாள், கண்ணைப் பற்றியும் டாக்டரைப் பற்றியும். ஞானசௌந்தரி ஒன்றிரண்டு வார்த்தையில் பதில் சொன்னாள். மதார் தலையைக் குனிந்து தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டே வந்தார். வாழைத்தோட்டங்கள் எப்போது வந்தன, எப்போது தாண்டின என்று அவர் கவனிக்கவில்லை. வண்டி நின்றதும்கூடத் தெரியவில்லை.

"எறங்குங்க அண்ணாச்சி" என்றாள் ஞானசௌந்தரி. "வீடு வந்துட்டு."